வானத்துக்கு ஒரு மகமை

மாணவர்களே, காரியாபட்டிச் சிறுவர் எவரையும் வாணத்தைப் பற்றிக் கேட்டுப் பாருங்கள். சிவகாசிக்கு அண்மையில் வாழ்பவராதலின், எந்த வாணம் எவ்வளவு உயரம் போகும், எது பாதியில் சாயும் என்று விளக்கிவிடுவார். ஆனால் மேலே சென்றபின் அதனை யார் கவனிப்பது என்னும் கேள்வி வாணத்தில் எழுவதில்லை. அது எரிந்து அவிந்துவிடுகிறது. செயற்கைக்கோளுக்கோ அதுவே முதற் கேள்வி. தாழ்ந்த பாதையில் செல்லும் கோள் ஏறத்தாழ 90 நிமிடங்களில் உலகை ஒருமுறை சுற்றுகிறது. நம் ஊர் வானத்தைப் பத்துப் பதினைந்து நிமிடங்களில் கடந்துவிடுகிறது. எஞ்சிய நேரமெல்லாம் அது வேறு யாருடைய வானத்திலோ இருக்கிறது. எனவே பல ஊர்களில் பல கண்களும் காதுகளும் வேண்டும். அவற்றைச் சேர்த்தது எவ்வாறு, சேர்ந்தவர்க்குக் கிடைத்தது என்ன என்பதே நான் இன்று சொல்ல எடுத்துக்கொண்ட வரலாறு.

விருதுநகர் வட்டாரத்தார்க்கு இச்சிக்கல் புதியதன்று. வழிகளில் கள்வர் பயம் மிகுந்திருந்த 19-ஆம் நூற்றாண்டில், சிவகாசி, விருதுபட்டி, அருப்புக்கோட்டை முதலிய ஊர்களில் நாடார் வணிகர்கள் பேட்டைகள் அமைத்தனர். வண்டியும் மாடும் சரக்கும் மதிலுக்குள் இரவைக் கழிக்கலாம். சரக்கின்மீது ஒரு சிறு பங்கை மகமையாக ஒவ்வொருவரும் பொது நிதிக்கு அளித்தனர். பேட்டையும் கிணறும் கோயிலும் பள்ளியும் அந்நிதியால் எழுந்தன. காமராசர் படித்த சத்திரிய வித்தியாசாலையும் இவ்வாறு ஊரார் கொடையால் வளர்ந்ததே. வீடுதோறும் எடுத்து வைத்த பிடியரிசியும் அதற்கு உதவியது. இங்கே ஒன்றைக் குறித்துக்கொள்ளுங்கள்: கொடுத்தவனுக்குக் காசு திரும்பி வரவில்லை, அச்சமின்றி உறங்கும் இரவு கிடைத்தது.

இனி வானத்துக்கு வருவோம். 1956-இல் அமெரிக்க வானியலறிஞர் பிரெட் விப்பிள் 'மூன்வாட்ச்' என்னும் தொண்டர் படையைத் திரட்டினார். கோள்களைப் படம் பிடிக்க உலகின் 12 இடங்களில் பெரிய காமிராக்களை நிறுவுவது திட்டம். நம் நாட்டு நைனிதாலும் அவற்றுள் ஒன்று. ஆனால் 1957 அக்டோபர் 4-இல் ஸ்புட்னிக் எழுந்தபோது அக்காமிராக்கள் ஆயத்தமாக இல்லை. ஆயத்தமாக இருந்தவர்கள் இத்தொண்டர்களே. ஆசிரியரும் மாணவரும் இல்லத்தரசியரும் சிறு தொலைநோக்கிகளோடு வரிசையாக அமர்ந்து, ஆளுக்கொரு துண்டு வானத்தைக் காவல் காத்தனர். 1962 செப்டம்பர் 5-இல் நான்காம் ஸ்புட்னிக்கின் எச்சம் விழுந்தபோது, மில்வாக்கி நகரத் தொண்டர்கள் அது எரிந்து வீழ்ந்ததைக் கண்டனர். அருகிலுள்ள மானிட்டோவாக் நகரத் தெருவில் அதன் துண்டு ஒன்று கிடந்தது. ஏறத்தாழ ஒன்பது கிலோ எடை. ரோந்து சென்ற போலீசார் முதலில் அதனை வேண்டாத பொருளென்றே கருதினராம்! விண்ணில் கண்டவர் இருந்தமையால்தான் மண்ணில் கிடந்தது இன்னதென விளங்கிற்று. இவர்களுக்குக் கூலி இல்லை. இப்பணி 1975 வரை நடந்தது.

கண்களுக்கு அடுத்து காதுகள். 1961 டிசம்பர் 12-இல் அமெரிக்க அமெச்சூர் வானொலியர் தாமே செய்த 'ஆஸ்கார்-1' விண்ணேறியது. எடை ஐந்து கிலோவுக்கும் குறைவு. மார்ஸ் குறியீட்டில் 'ஹாய்' என்னும் ஒரு சொல்லையே அது கூறிக்கொண்டிருந்தது. அச்சொல் வரும் வேகத்தைக் கொண்டு கோளின் வெப்பநிலையைக் கணித்தனர். 28 நாடுகளிலிருந்து 570-க்கும் மேற்பட்டோர் தாம் கேட்டதை எழுதி அனுப்பினர். ஒருவர் குரலை மற்றவர் கேட்டதற்குச் சான்றாக அஞ்சலட்டை ஒன்று அனுப்புவது அமெச்சூர் வானொலியரின் நெடுநாள் வழக்கம். அதனைச் சுவரில் ஒட்டி மகிழ்வார்கள். கடையில் செல்லாத நாணயம் அது; ஆயினும் அதற்காக விடிய விடிய விழித்திருந்தவர் பலர். நம் இஸ்ரோவும் 2005 மே 5-இல் 'ஹாம்சாட்' என்னும் கோளை இத்தகையோர்க்கென்றே ஏவியது. அதன் இரு கருவிகளுள் ஒன்றை அமைத்தவர் ஒரு டச்சு மாணவர்.

அண்மைக் காலத்தில் அட்டைக்குப் பதிலாக டோக்கன் வந்திருக்கிறது. கணினிப் பேரேட்டில் பதியப்படும், சந்தையில் விலைபோகும் வில்லை அது. 2019-இல் அமெரிக்காவில் ஹீலியம் என்னும் நிறுவனம், வீட்டில் சிறு கம்பியில்லாக் கருவி வைப்போர்க்கு டோக்கன் தந்தது. இது தரையிலுள்ள வலைதான்; எனினும் விண்வெளியில் இம்முறையைக் கையாள எண்ணுவோர்க்கு அதுவே முன்மாதிரி. 2022-க்குள் கருவிகள் பத்து இலட்சத்தை நெருங்கின. ஆனால் வலையைப் பயன்படுத்துவோர் செலுத்திய கட்டணமோ மிகச் சொற்பம். கருவியின் இருப்பிடத்தைப் பொய்யாகக் காட்டி டோக்கன் பெற்றோரும் உண்டு. வண்டி வராத ஊரில் பேட்டை கட்டியதைப் போன்றது இது என்பேன். 'ஜியோடுநெட்' என்னும் பிறிதோர் அமைப்பு சற்று விழிப்புடன் நடக்கிறது. அதன் அன்பர்கள் கூரைமேல் வைத்த கருவிகள், வழிகாட்டும் கோள்களின் குறிப்புகளைப் பெற்று, அவற்றின் பிழையைச் சென்டிமீட்டர் அளவுக்குத் திருத்த உதவுகின்றன. டிராக்டர் ஓட்டுவோரும் நில அளவையாளரும் அதற்குப் பணம் செலுத்துகின்றனர். மகமையைப் போல, பயன்படுத்துவோரின் காசே இங்கு அடிப்படை. டோக்கனின்றியும் இது நடக்கும். 2014-இல் ஏதன்சில் தோன்றிய 'சாட்நாக்ஸ்' வலையில் அன்பர்கள் கூலியின்றியே தம் ஏரியல்களைப் பிறருடன் பகிர்ந்துகொள்கின்றனர்.

2024 பிப்ரவரி 28-இல் குலசேகரப்பட்டினத்தில் சிறிய ராக்கெட்டுகளுக்கான ஏவுதளத்துக்கு அடிக்கல் நாட்டப்பட்டது. இலங்கையைச் சுற்றி வளையாமல் நேரே தெற்கு நோக்கி ஏவலாம் என்பது அவ்விடத்தின் சிறப்பு. மதுரையிலிருந்து தூத்துக்குடி வழியே அங்குச் செல்பவர் காரியாபட்டியைக் கடந்தே செல்கிறார். கேட்பவரோடு சேர விரும்பும் மாணவர்க்கு ஒரு செய்தி: நம் நாட்டில் 12 வயது நிறைந்தவர் அரசு நடத்தும் தேர்வில் தேறி அமெச்சூர் வானொலி உரிமம் பெறலாம்.