இரண்டாக வெட்டப்பட்ட குளிர்காலம்: திம்புள்ளப் பங்களாக்களின் ஆண்டுப் பறவைப் பட்டியல்கள் குறித்து

இலங்கை மலையகப் பறவைகளின் கடந்த காலத்தை எழுத முனைவோரிடம் ஒரு முடிபு வேரூன்றியிருக்கிறது. பங்களா முற்றத்திலிருந்து கண்ட பறவைகளை ஆண்டுதோறும் எழுதிவைத்த பட்டியல்களில் வலசை இனங்கள் ஆண்டு தவறாமல் இடம்பெறுகின்றன. ஆகவே அவற்றின் வரவு நெடுங்காலம் நிலையாக இருந்தது என்பது அம்முடிபு. இதை நான் மறுக்கிறேன். வலசைப் பறவைகள் குறைந்தன என்று நிறுவுவது என் நோக்கமன்று. அதற்கான சான்று இப்பட்டியல்களில் இல்லை. நிலையாக இருந்தன என்பதற்கும் இல்லை என்பதே நான் சொல்ல வருவது. குறை பறவையிடத்தில் இல்லை, பட்டியலிட்ட தோட்டத் துரையின் கண்ணிலும் இல்லை. ஜனவரி முதலாம் திகதியில் இருக்கிறது.

ஜனவரியில் தொடங்கி டிசெம்பரில் முடியும் பட்டியல் இங்கிலாந்தின் வீட்டுத்தோட்டங்களில் வளர்ந்த பழக்கம். அங்கே அது பொருந்தும். தகைவிலான் ஏப்ரலில் அங்கு வந்து, கூடு கட்டிக் குஞ்சு பொரித்து, செப்டெம்பர் ஒக்டோபரில் புறப்பட்டுவிடும். அதன் வருகை முழுவதும் ஒரே நாட்காட்டி ஆண்டுக்குள் அடங்கும். ஒரு கோடையில் அது வராவிட்டால் அந்த ஆண்டின் கட்டம் வெறுமையாக நிற்கும். 1789இல் வெளிவந்த கில்பர்ட் வைட்டின் செல்போர்ன் நூலைப் படித்து வளர்ந்தவர்களுக்கு ஆண்டு என்பதும் பறவையின் பருவம் என்பதும் ஒன்றாகவே தோன்றியிருக்கும்.

மலையகத் தேயிலைப் பகுதியான திம்புள்ளவில் நிலைமை தலைகீழ். இங்கே வலசை வருவன குளிர்கால விருந்தாளிகள். சாம்பல் வாலாட்டி செப்டெம்பரிலேயே ஓடைக்கரைக்கு வந்துவிடும். பழுப்புக் கீச்சானும் ஆறுமணிக்குருவியும் ஒக்டோபரை ஒட்டி வந்து ஏப்ரல் வரை தங்கும். ஒரே பறவை, ஒரே வருகை, ஒரே புதர். ஆனால் டிசெம்பர் 31ஆம் திகதி நள்ளிரவில் அது இரண்டு ஆண்டுகளுக்குரிய பறவையாகிவிடுகிறது. இதை அறியாதவர் எவருமில்லை. இலங்கைப் பறவைகள் பற்றிய வெயிட்டின் 1925ஆம் ஆண்டுக் கையேடும் ஹென்றியின் 1955ஆம் ஆண்டு வழிகாட்டி நூலும் வலசை இனங்களின் வரவு மாதங்களையும் போக்கு மாதங்களையும் சொல்கின்றன. அந்த அறிவு பட்டியலின் அமைப்பை மாற்றவில்லை; பட்டியலைப் பின்னாளில் வாசித்தவர்களின் கணக்கையும் மாற்றவில்லை.

விளைவைக் கற்பனையான ஓர் எடுத்துக்காட்டால் காட்டுகிறேன். ஒரு பங்களாவுக்கு 1950 ஒக்டோபரில் ஓர் ஆறுமணிக்குருவி வந்து 1951 ஏப்ரலில் போகிறது. அடுத்த குளிர்காலத்தில் வரவேயில்லை. 1952 ஒக்டோபரில் மறுபடி வந்து 1953 ஏப்ரல் வரை தங்குகிறது. பட்டியலில் 1950க்கு ஒரு குறி, 1951க்கும் குறி, ஏனெனில் ஜனவரி முதல் ஏப்ரல் வரை இருந்தது, 1952க்கும் குறி, ஏனெனில் ஒக்டோபரில் வந்தது, 1953க்கும் குறி. நான்கு ஆண்டும் நிறைந்திருக்கிறது. வராத குளிர்காலம் ஏட்டில் எங்கும் இல்லை. ஒன்றுவிட்டு ஒரு குளிர்காலம் மட்டுமே வருகிற பறவையும், குளிர்காலந்தோறும் வருகிற பறவையும் இந்தப் பட்டியலில் ஒரே உருவம் கொள்கின்றன. ஒரு கட்டம் வெறுமையாக வேண்டுமானால் தொடர்ந்து இரண்டு குளிர்காலங்கள் அப்பறவை வராதிருக்க வேண்டும். இங்கிலாந்தில் ஒரு கோடை பொய்த்தாலே வெளிப்பட்டுவிடுவது, இங்கே இரண்டு குளிர்காலங்கள் பொய்த்தால்தான் வெளிப்படும். வலசைப் பறவையின் வரவு பாதியாகக் குறைந்தாலும் அந்தக் குறைவை விழுங்கிவிடக்கூடிய ஏடு இது. அதன் நிறைவைக் காட்டி நிலைத்தன்மையை நிறுவுவது கணக்கியல் தவறு.

இங்கே ஓர் எச்சரிக்கை தேவை. குளிர்காலம் முழுவதும் ஓரிடத்தில் தங்கும் இனங்களுக்குத்தான் இந்த வாதம் முழு வலுவோடு பொருந்தும். ஒக்டோபரில் இரண்டொரு நாள் இறங்கிக் கடந்துபோகும் பறவைக்கு அவ்வளவாகப் பொருந்தாது. ஆயினும் திம்புள்ள முற்றங்களில் திரும்பத்திரும்பக் காணப்படும் வலசை இனங்களில் பெரும்பாலானவை தங்குபவையே.

காஷ்மீர் ஈப்பிடிப்பானை எடுத்துக்கொண்டால் இது வெறும் ஏட்டுச் சிக்கல் அல்ல என்பது தெரியும். வடமேற்கு இமயத்தில் இனம்பெருக்கி, ஒக்டோபரிலிருந்து மார்ச் வரை பெரும்பாலும் இலங்கையின் மத்திய மலைநாட்டை நம்பி வாழும் சிறு பறவை அது. உலக அளவில் அழிவாபத்துக்குள்ளானதாக வகைப்படுத்தப்பட்டிருக்கிறது. நுவரெலியா விக்டோரியா பூங்காவில் இதைத் தேடி வெளிநாட்டினர் வருவதைப் பலரும் கண்டிருப்பார்கள். இப்படியோர் இனத்துக்கு, ‘ஆண்டுதோறும் காணப்பட்டது’ என்ற தொடர் ஆறுதலாக ஒலிக்கிறது. அந்த ஆறுதலின் எடை, மேலே காட்டியபடி, பாதிதான்.

ஜனவரி இன்னொரு வகையிலும் ஏமாற்றுகிறது. திம்புள்ளவின் தரமான தேயிலைப் பருவம் ஜனவரி முதல் மார்ச் வரை. அப்போது காற்று வறண்டிருக்கும், விடியலில் கிரேட் வெஸ்டர்ன் மலை வெட்டினாற்போல் தெரியும். மே முதல் செப்டெம்பர் வரை தென்மேற்குப் பருவமழையும் மூடுபனியும். பத்து யார் தள்ளி நிற்கும் கிரவிலியா மரமே மங்கலாகும். ஆகவே ஆண்டுப் பட்டியலின் பெரும்பங்கு முதல் சில வாரங்களிலேயே நிரம்பிவிடுகிறது. வலசைப் பறவைகள் இருப்பதும் அப்போது, கண்ணுக்குத் தெளிவு கிடைப்பதும் அப்போது, புதுக்குறிப்பேடு திறந்த உற்சாகமும் அப்போதுதான். இந்த மூன்றையும் பிரித்தறிய ஆண்டு இறுதியில் கூட்டிய எண் எந்த வழியும் தருவதில்லை.

அப்படியானால் ஆண்டை எங்கே வெட்டுவது? என் மனம் முதலில் சித்திரையைத்தான் நாடியது. லயன்களில் வாழ்ந்த தொழிலாளர்களின் ஆண்டு அது. ஏப்ரல் நடுப்பகுதியில் பிறப்பது. வலசைப் பறவைகள் கிளம்புகிற காலத்தோடும் ஏறத்தாழ ஒத்துவருவது. ஆனால் பறவைகள் ஒத்துழைக்கவில்லை. ஆறுமணிக்குருவியில் சில ஏப்ரல் இறுதிவரையும் தகைவிலானில் சில மே வரையும் தங்கிவிடுகின்றன. சித்திரை முதல் நாளில் வெட்டினால் பருவத்தின் வால் அடுத்த ஆண்டில் விழும். அதே இரட்டைக் கணக்கு சிறிய அளவில் திரும்பி வரும். ஆடி முதல் நாளில் வெட்டுவதே சரி. அன்று குளிர்கால விருந்தாளிகள் எவையும் முற்றத்தில் இருப்பது அரிது, மழை கொட்டும், வெட்டுவதற்கு உயிருள்ள பருவம் எதுவும் அங்கே இல்லை. ஆடியில் புத்தாண்டு தொடங்குவதா என்று பெரியவர்கள் முகம் சுளிக்கலாம். பட்டியலுக்கு மங்கலம் வேண்டியதில்லை.

உலகெங்கும் நாட்காட்டி ஆண்டே வழக்கம், அதை மாற்றினால் ஒப்பீடு கெடும் என்பார்கள். திகதி குறித்திருந்தால் எந்த ஆண்டாகவும் வெட்டி ஒட்டலாம். திகதி இல்லாவிட்டால் ஒப்பிடவே எதுவுமில்லை. இந்த ஆட்சேபத்தில் இதற்குமேல் நிற்கத் தேவையில்லை. தமிழ்நாட்டில் பொங்கலை ஒட்டிச் சில நாள்கள் நடக்கும் பறவைக் கணக்கெடுப்பு இந்தச் சிக்கலில் மாட்டுவதேயில்லை என்பதையும் கவனிக்க வேண்டும். ஜனவரியில் நடந்தாலும் அது ஒரு குளிர்காலத்தை ஒருமுறை மட்டுமே தொடுகிறது.

அடுத்து, ‘தோட்டம்’ என்ற சொல். மலையகத் தமிழில் தோட்டம் என்றால் எஸ்டேட் முழுவதும்: தேயிலை மலைகள், லயன்கள், ஆலை, பிரட்டுக்களம், தவறணை எல்லாம் சேர்ந்தது. துரையின் பட்டியலில் வருவதோ பங்களாவைச் சுற்றிய புல்வெளியும் பூப்பாத்தியும். அப்பட்டியலைப் பற்றித் தமிழில் எழுதும்போது ‘தோட்டத்தில் கண்ட பறவைகள்’ என்கிறோம்; அரை ஏக்கர் ஒரு நொடியில் ஆயிரம் ஏக்கராகிவிடுகிறது. வேற்றுமை உருபும் சேர்ந்து வழுக்குகிறது. ஆங்கில மூலத்தில் இருப்பது ‘தோட்டத்திலிருந்து’ கண்டவை. பள்ளத்தாக்கின் மேல் வட்டமிடும் கருங்கழுகு முற்றத்திலிருந்து கண்ட பறவை. முற்றத்தில் கண்ட பறவை அல்ல. மறுபுறம், தேயிலைச் செடியின் உச்சியில் உட்காரும் புதர்ச்சிட்டை நாள் முழுவதும் பார்த்தவர்கள் கொழுந்தெடுத்த பெண்கள். அவர்கள் நின்ற மலை எந்தப் பட்டியலுக்கும் நோக்குமிடமாக இருந்ததில்லை.

பட்டியலில் இல்லாதது இடத்திலும் இல்லை என்று கொள்வது இன்னும் பழைய பிழை. இயற்கையாளர் கெலார்ட் 1850களின் தொடக்கத்தில் நுவரெலியாவை அறிந்து எழுதினார். லேயார்டு 1853இலிருந்து தம் பறவைக் குறிப்புகளை வெளியிட்டார். ஆயினும் மலைநாட்டு ஓடைகளின் சீழ்க்கைப் பூங்குருவியை ஹோல்ட்ஸ்வர்த் அறிவியலுக்கு அறிமுகம் செய்தது 1872இல்தான். சாமுவேல் பிளை என்ற கோப்பித் தோட்டக்காரரின் பெயரை அதற்கு இட்டார். இடைப்பட்ட இருபது ஆண்டுகளில் அது புதிதாகக் குடியேறியது என்று எவரும் சொல்வதில்லை. ஹட்டனிலிருந்து கொழும்புக்கு இறங்கும் வீதியில் உள்ள கித்துல்கல காட்டிலும் வாழும் செரண்டிப் ஆந்தை 2004இல்தான் விவரிக்கப்பட்டது. அதற்கு முந்திய பட்டியல்கள் அனைத்தும் அதைப் பற்றி மௌனம்.

எல்லாப் பழைய ஏடுகளையும் தள்ளிவிடச் சொல்லவில்லை. 1943இல் தொடங்கிய சிலோன் பேர்ட் கிளப்பின் குறிப்புகள் மாதந்தோறும் வெளிவந்தவை. மாதம் இருப்பதால் குளிர்காலத்தைத் திரும்ப ஒட்டிப் பார்க்கலாம். ஆண்டுத் தொகையைவிட அவற்றை நான் பலமடங்கு நம்புகிறேன். அங்கும் தோட்டங்களை அரசுடைமையாக்கிய 1972, 1975 காணிச் சீர்திருத்தங்களை ஒட்டித் துரைமார் பலர் நாட்டைவிட்டுப் போனதை மறக்கக் கூடாது. அதன்பின் ஓர் இனத்தின் பெயர் அருகினால் முதலில் எண்ண வேண்டியது எழுதியவர் போனதை. தலவாக்கலையில் 2012 முதல் இயங்கும் மேல் கொத்மலை நீர்த்தேக்கத்தை நோக்கிய முற்றத்தில் நீர்க்காகம் புதிதாகப் பட்டியலேறினால், அதற்குக் காலநிலையைக் காரணம் காட்டுமுன் கீழே குனிந்து பள்ளத்தாக்கைப் பார்ப்பது நல்லது.

திம்புள்ள, லிந்துலை, அக்கரப்பத்தனைப் பக்கங்களில் பழைய பங்களாக் குறிப்பேடுகளை வைத்திருப்போருக்கு ஒரு வேண்டுகோள். ஆண்டு இறுதியில் கூட்டிய எண்ணை அனுப்பாதீர்கள். செப்டெம்பர், ஒக்டோபர் பக்கங்களையும் ஏப்ரல், மே பக்கங்களையும் திகதியோடு படியெடுத்து அனுப்புங்கள். அவற்றில் எழுத்து எதுவுமில்லாத பக்கங்களையும் சேர்த்து.