பெட்டிக்குள் கசிந்த வெள்ளி நைட்ரேட்

விடுமுறைக்கு ஊர் சுத்தக் கிளம்பும்போது விலை உயர்ந்த கேமராவை எப்படிப் பத்திரமாகக் கொண்டுபோய்க் கொண்டுவருவது? யாரைக் கேட்டாலும் நல்ல பை, பூட்டு, இன்சூரன்ஸ், சிலிக்கா ஜெல் என்று ஒரே பட்டியல்தான் வரும். தப்பில்லை. ஆனால் இந்தக் கவலைக்கு ஒரு வரலாறு இருக்கிறது. நாம் இன்றைக்குக் கழுத்தில் மாட்டிக்கொண்டு திரியும் கருவி இந்த வடிவத்துக்கு வந்ததற்கே இந்தக் கவலை ஒரு காரணம் என்று சொன்னால் நம்புவீர்களா?

1851ல் இங்கிலாந்தில் பிரடெரிக் ஸ்காட் ஆர்ச்சர் ஈரத் தகடு முறையை வெளியிட்டார். கண்ணாடித் தகட்டில் கொலோடியன் என்ற பசையைப் பூசி, இருட்டில் வெள்ளி நைட்ரேட் கரைசலில் முக்கி, ஈரம் காய்வதற்குள் படம் எடுத்து, ஈரம் காய்வதற்குள்ளேயே கழுவியும் விட வேண்டும். மொத்தமே பத்துப் பதினைந்து நிமிஷம்தான் அவகாசம். அதனால் படம் எடுக்கப் போகிறவர் கேமராவோடு நின்றுவிட முடியாது. இருட்டறைக் கூடாரம், கண்ணாடித் தகடுகள், ரசாயனப் புட்டிகள், தண்ணீர், தட்டுகள் எல்லாம் கூடவே போக வேண்டும்.

நாட்டிங்ஹாமில் வங்கி குமாஸ்தாவாக இருந்த சாமுவேல் போர்ன், அந்த வேலையை விட்டுவிட்டு 1863ல் இந்தியா வந்தார். அதே வருஷம் சிம்லாவிலிருந்து இமயமலைக்குள் போன முதல் பயணத்தில் அவருக்குச் சுமார் 30 சுமைதூக்கிகள் தேவைப்பட்டார்கள். கேமரா பாதுகாப்பு என்பது அன்றைக்குப் பூட்டு சமாச்சாரம் இல்லை. மலைப்பாதையில் யாரோ ஒரு கூலியாளின் கால் வழுக்காமல் இருக்க வேண்டும், அவ்வளவுதான். கண்ணாடி உடைந்தால் அத்தனை நாள் உழைப்பும் போச்சு.

நம்ம பக்கத்தில் லினேயஸ் டிரைப் கொஞ்சம் வேறு மாதிரி யோசித்தார். சென்னை மாகாண அரசின் புகைப்படக்காரரான அவர், 1857 கடைசியில் தொடங்கி 1858 வரை ஸ்ரீரங்கம், புதுக்கோட்டை, மதுரை, தஞ்சாவூர் என்று சுற்றினார். மெழுகு ஏற்றிய காகித நெகட்டிவ்களை நிறையப் பயன்படுத்தினார். காகிதத்தை முன்கூட்டியே தயார்செய்து வைத்துக்கொள்ளலாம். உடையாது, கனமும் இல்லை. கண்ணாடி அளவுக்குக் கூர்மை வராது என்பதுதான் அதற்குக் கொடுத்த விலை. பெரிய கோயிலின் அடித்தளக் கல்வெட்டுகளை 21 படங்களாக எடுத்து ஒட்டிய அவருடைய நீளப் படம் இன்றைக்கும் இருக்கிறது.

அடுத்து வருபவரும் ஒரு வங்கி குமாஸ்தாதான். ஊர் அமெரிக்காவின் ராச்செஸ்டர், பெயர் ஜார்ஜ் ஈஸ்ட்மேன். 1877 வாக்கில், இருபதுகளின் தொடக்கத்தில் இருந்த அவர், விடுமுறைக்கு சாண்டோ டொமிங்கோ போகத் திட்டமிட்டார். கூட வேலை பார்த்தவர் ஒருத்தர், 'போறது போறீங்க, படம் எடுத்துக்கிட்டு வாங்களேன்' என்ற ரீதியில் யோசனை சொல்ல, ஈஸ்ட்மேன் ஈரத் தகடு சாமான் முழுசையும் வாங்கினார். சொல்லிக்கொடுக்க ஆள் வைத்துப் பணம் கட்டிப் பாடமும் படித்தார். கடைசியில் அந்தப் பயணம் நடக்கவே இல்லை. சாமான் மட்டும் மிஞ்சியது.

அதைத் தூக்கிக்கொண்டு வெளியூர் போனபோதுதான் அந்த விபத்து. வெள்ளி நைட்ரேட் புட்டியைத் துணியில் ரொம்ப ஜாக்கிரதையாகச் சுற்றித் தன் டிரங்குப் பெட்டிக்குள் வைத்தார். மூடி கசிந்து, துணிமணி பெரும்பாலும் கறையாகிவிட்டது. வெள்ளி நைட்ரேட் கறை எப்படிப்பட்டது என்று தெரிய வேண்டுமானால் தேர்தலன்று விரலில் வைக்கிறார்களே, அந்த மையை நினைத்துக்கொள்ளுங்கள். அதில் இருப்பதும் இதே உப்புதான். எத்தனை சோப்பு போட்டாலும் போகாது.

இந்தக் கதையைப் பிற்காலத்தில் ஈஸ்ட்மேனே சொல்லியிருக்கிறார். குதிரை சுமக்கிற அளவு மூட்டை இல்லாமல் ஒரு மனுஷன் படம் எடுக்க முடியாதா என்ற எரிச்சல்தான் அவரை உலர் தகடு பக்கம் தள்ளியது. 1880ல் ராச்செஸ்டரில் ஒரு மாடியை வாடகைக்குப் பிடித்து உலர் தகடு தயாரிக்க ஆரம்பித்தார். 1881ல் வங்கி வேலையை விட்டார். 1888ல் முதல் கோடக் கேமரா வந்தது. விலை 25 டாலர், உள்ளே 100 படங்களுக்கான ஃபிலிம் சுருள். எடுத்து முடித்ததும் கேமராவை அப்படியே ராச்செஸ்டருக்கு அனுப்ப வேண்டும். 10 டாலருக்குப் படங்களைக் கழுவிப் பிரதி போட்டு, புது ஃபிலிம் ஏற்றித் திருப்பி அனுப்புவார்கள். ரசாயனம் என்ற ஆபத்து பயணியின் பெட்டியை விட்டே வெளியேறியது.

ஆனால் ஒரு பிரச்சினையைத் தீர்த்தால் இன்னொன்று முளைக்கும் என்பது எங்கள் மென்பொருள் தொழிலில் தினசரிப் பாடம். ஈரத் தகடு காலத்தில் ஒரு தகடு உடைந்தால் ஒரு படம்தான் போகும். கோடக் வந்த பிறகு நூறு படங்களும் ஒரே பெட்டிக்குள். பெட்டி தொலைந்தால் நூறும் போச்சு. கருவியைப் பாதுகாப்பதும் படத்தைப் பாதுகாப்பதும் ஒன்றுதான் என்ற மயக்கம் நமக்கு அங்கேதான் தொடங்கியது என்று நினைக்கிறேன்.

அந்த மயக்கம் இல்லாத ஒருவரைப் பார்ப்போம். ஷேக்கிள்டனின் அண்டார்டிகா பயணத்தில் புகைப்படக்காரராகப் போன ஆஸ்திரேலியர் ஃபிராங்க் ஹர்லி. 'எண்டியூரன்ஸ்' கப்பல் 1915 ஜனவரியில் பனியில் சிக்கி, மாதக்கணக்கில் நெருக்கப்பட்டு, அக்டோபர் 27ல் கைவிடப்பட்டது. நவம்பர் தொடக்கத்தில் ஹர்லி அந்த உடைசலுக்குத் திரும்பிப் போனார். சட்டையைக் கழற்றிவிட்டு, பனிக்கூழாக இருந்த தண்ணீருக்குள் இறங்கி நெகட்டிவ் பெட்டிகளை எடுத்தார். மூடிகளை ஈயம் வைத்துப் பற்றவைத்திருந்ததால் உள்ளே இருந்த கண்ணாடித் தகடுகள் பிழைத்திருந்தன.

அடுத்ததுதான் கஷ்டமான கட்டம். இனி படகுகளில்தான் போக வேண்டும். எல்லாவற்றையும் ஏற்ற முடியாது. நவம்பர் 9 அன்று ஹர்லியும் ஷேக்கிள்டனும் பனிமேல் உட்கார்ந்து தகடுகளை ஒவ்வொன்றாகப் பார்த்தார்கள். சுமார் 120 தகடுகளை வைத்துக்கொண்டு, ஏறக்குறைய 400ஐ அங்கேயே உடைத்துப் போட்டார்கள். பிறகு மனசு மாறி யாரும் திரும்பி வந்து எடுத்துவிடக் கூடாது என்பதற்காகவே உடைத்தார்கள். வைத்துக்கொண்டதை மறுபடி தகரத்தில் அடைத்து ஈயம் பற்றவைத்தார்கள். பெரிய கேமராக்களையும் ஹர்லி விட்டுவிட்டார். கையில் வைத்துக்கொண்டது சட்டைப் பைக்குள் அடங்குகிற வெஸ்ட் பாக்கெட் கோடக் ஒன்று, ஃபிலிம் சுருள் மூன்று. டிரங்குப் பெட்டியில் கறை பட்ட அந்த வங்கி குமாஸ்தாவின் எரிச்சல், சுற்றி வளைத்து இங்கே வந்து ஹர்லிக்கு உதவியது.

1916 ஏப்ரலில் யானைத் தீவில் கரையேறி, ஆகஸ்ட் 30ல் மீட்கப்படும் வரை அந்தத் தகரங்கள் ஹர்லி கூடவே இருந்தன. நாம் இன்று பார்க்கிற எண்டியூரன்ஸ் படங்கள் அப்படித் தப்பியவைதான். கப்பலையோ 2022 மார்ச்சில் 3,008 மீட்டர் ஆழத்தில்தான் கண்டுபிடித்தார்கள்.

இதில் நமக்கு என்ன? நம்மில் பலர் இன்றைக்குச் செய்வது இதற்கு நேர்மாறு. பணம் கொடுத்தால் திரும்பக் கிடைக்கிற கேமராவை விடுதி அலமாரியில் பூட்டுகிறோம். எந்தக் காசு கொடுத்தாலும் கிடைக்காத பத்து நாள் படங்களை அதே கேமராவுக்குள், ஒரே மெமரி கார்டில் விட்டுவைக்கிறோம். திருடனுக்கு வேண்டியது கேமரா. நமக்கு வேண்டியது கார்டு. இரண்டையும் ஏன் ஒரே பூட்டுக்குள் வைக்க வேண்டும்?

மென்பொருள்காரர்கள் வேதவாக்காகச் சொல்லும் 3-2-1 விதி இருக்கிறதே: மூன்று பிரதி, இரண்டு வகைச் சேமிப்பு, ஒன்று வேறு இடத்தில். அதைப் பிரபலப்படுத்தியவர் பீட்டர் க்ரோக் என்ற புகைப்படக்காரர். சர்வர் அறையில் இருக்கும் நாங்கள் கேமராக்காரரிடமிருந்து வாங்கிக்கொண்ட பாடம் அது. பயணத்தில் இதைச் செய்ய பெரிய செலவு கிடையாது. ராத்திரி படுக்கும் முன் படங்களை ஒரு சின்ன டிரைவில் பிரதி எடுங்கள். கார்டைக் கழற்றி உடம்போடு வைத்துக்கொள்ளுங்கள், டிரைவை வேறொருவர் பையில் போடுங்கள். நெட் கிடைக்கிற ஊரில் முக்கியமான இருபது படங்களையாவது மேலே ஏற்றிவிடுங்கள்.

அந்த இருபதைத் தேர்ந்தெடுப்பதுதான் கஷ்டம். ஹர்லிக்கும் கஷ்டமாகத்தான் இருந்திருக்கும். நல்லவேளை, மீதியை நாம் உடைக்க வேண்டியதில்லை.