கண்டிக்கு ஏறிய வழி

கண்டி மாநகருக்கெனப் பெருவிமானங்கள் வந்திறங்கும் ஓடுதளம் எதுவும் இல்லை. கட்டுநாயக்காவில் இறங்கும் பயணி தரைவழியாகவே மலையேறியாதல் வேண்டும். பொல்கொல்லை நீர்த்தேக்கத்திற் சிறு நீர்விமானங்கள் இறங்கியதுண்டு, அவ்வளவே. மலையும் காடும் மகாவலி கங்கையும் சூழ்ந்த அந்நகருக்கு வழி சமைப்பது எக்காலத்தும் எளிதாயிருந்ததில்லை.

மன்னராட்சியில் அவ்வருமையே அரணாயிற்று. காட்டுப் பாதைகளை அகலப்படுத்த மன்னர் விரும்பினாரல்லர். 1803இல் ஆங்கிலப் படை நகரைக் கைப்பற்றியும், நோயும் முற்றுகையும் வாட்ட, அங்கு நிலைத்திருக்க இயலாது அழிந்தது. 1815இல் கண்டி அவர்கள் வசமாயிற்று. 1817, 1818ஆம் ஆண்டுகளில் ஊவாவில் மூண்ட கிளர்ச்சியை அடக்கிய பின்னர், வீதியின்றி மலைநாட்டை ஆள்வதரிது என்பது அவர்களுக்குத் தெளிவாயிற்று.

தேசாதிபதி எட்வர்ட் பார்ன்ஸ் காலத்திற் கொழும்பு–கண்டி வீதி எழுந்தது. கப்டன் டோசன் அதன் பொறியியலாளர். மலையைத் துளைத்து வருபவனே கண்டியை வெல்வான் என்றொரு பழங்கதை உண்டு. கடுகண்ணாவையில் வீதிக்காகப் பாறையே துளைக்கப்பட்டது! துளைத்த கைகள் எவருடையவை? நிலம் பெற்றதற்கு ஈடாக அரசுக்கு ஊழியஞ் செய்யும் இராசகாரிய முறைமை மன்னர் காலத்தது. புதிய ஆட்சியாளர் அதனையே கருவியாக்கிக் குடிமக்களைக் கூலியின்றி வேலை வாங்கினர். 1832இல் அஞ்சற் குதிரைவண்டி கண்டிக்கு ஓடலாயிற்று. இராசகாரியத்தை ஒழிக்கும் ஆணை பிறந்ததும் அவ்வாண்டிலேயே. ஆனால், வீதி அதற்குள் முடிந்துவிட்டது.

அடுத்து வந்தது கோப்பி. மாட்டுவண்டிகள் மூடைகளைக் கொழும்பு சேர்க்கப் பல நாள் பிடித்தமையாற் தோட்டத்துரைமார் புகையிரதம் வேண்டினர். 1858இல் தேசாதிபதி ஹென்றி வார்ட் முதல் மண் வெட்டித் தொடக்கிவைத்தார். 45 அடிக்கு ஓரடி ஏறும் கடுகண்ணாவை ஏற்றத்தைக் கடந்து, 1867இல் வண்டி கண்டியை அடைந்தது. ஈராண்டில், அதாவது 1869இல், கோப்பியிலையில் நோய் கண்டது. கோப்பிக்காக இட்ட தண்டவாளம் பின்னர்த் தேயிலையைச் சுமக்கலாயிற்று.

அக்கோப்பியைப் பறித்தவர்களோ தென்னிந்தியத் தமிழ்த் தொழிலாளர். அவர்கள் மன்னார்க் கரையில் இறங்கி, வன்னிக் காடூடாக மாத்தளை வரை கால்நடையாகவே வந்தனர். வாந்திபேதியும் பசியும் வழியிற் பலரைக் கொன்றன. கண்டிக்குப் புகையிரதம் ஓடத் தொடங்கிய பின்னரும் அந்நடை உடனே ஓயவில்லை. மூடைக்கு வண்டி கிடைத்தது; மூடையைச் சுமந்தவனுக்குக் கிடைக்கவில்லை என்றே சொல்லவேண்டியிருக்கிறது.

டோசனுக்கு எழுப்பிய தூண் கடுகண்ணாவையில் இன்றும் நிற்கிறது. மலையகத் தமிழரின் இருநூறாண்டு நினைவாக, 2023ஆம் ஆண்டு சூலைத் திங்களிற் தலைமன்னாரிற் புறப்பட்ட ஒரு கூட்டத்தினர் அப்பழைய வழியை நினைந்து நடந்து, ஆகத்துத் திங்களில் மாத்தளையை அடைந்தனர்.