மழையும் கடலும் சேரும் நேரம்



கேலாங் என்றதும் இன்றைய இளையர்களுக்கு நினைவுக்கு வருவது டுரியான் கடைகளும் இரவுநேரச் சாப்பாட்டுக் கடைகளும்தான். ஆனால், அந்த வட்டாரத்தில் வாழ்ந்த பெரியவர்களைக் கேட்டுப் பாருங்கள். கம்பத்து வீட்டுக்குள் தண்ணீர் புகுந்த கதையைச் சொல்வார்கள். அந்தத் தண்ணீர் ஏன் வந்தது, எங்கே போனது?

கேலாங் தாழ்வான பூமி. அதை ஒட்டிய பாய லேபார் என்ற பெயருக்கே மலாய் மொழியில் 'அகன்ற சதுப்பு நிலம்' என்றுதான் பொருள். கேலாங் ஆறு காலாங் வழியாகக் கடலைச் சேர்ந்தது. கடல் வற்றியிருக்கும்போது மழை பெய்தால் தண்ணீர் ஓடிவிடும். அதே மழை கடல் ஏறியிருக்கும்போது பெய்தால்? ஆற்றின் வாயைக் கடல் அடைத்துக்கொள்ளும். போக வழியில்லாத தண்ணீர் சாலைக்கும் வீட்டுக்கும் வரும். எவ்வளவு மழை பெய்தது என்பதோடு, எந்த நேரத்தில் பெய்தது என்பதும் முக்கியம்.

1969 டிசம்பர் வெள்ளத்தில் ஐவர் மாண்டனர். 1978 டிசம்பர் 2ஆம் தேதி பாய லேபாரில் ஒரே நாளில் 512.4 மில்லிமீட்டர் மழை கொட்டியது. அந்த வெள்ளம் எழுவரின் உயிரைக் குடித்தது. ஆயிரத்துக்கும் மேற்பட்டோர் வீடுகளிலிருந்து வெளியேற்றப்பட்டனர். 1970களில் தீவில் ஏறத்தாழ 3,200 ஹெக்டேர் நிலம் வெள்ள அபாயப் பகுதியாக இருந்தது. கால்வாய்களை அகலப்படுத்தியதால் அது படிப்படியாகச் சுருங்கி, இன்று 30 ஹெக்டேருக்கும் குறைந்துவிட்டது.

ஆனால், கால்வாயை எவ்வளவு அகலப்படுத்தினாலும் அதன் வாயில் நிற்பது கடல் அல்லவா? அதற்கு விடையாக வந்ததுதான் 2008 அக்டோபர் 31ஆம் தேதி அதிகாரபூர்வமாகத் திறக்கப்பட்ட மரினா அணைக்கட்டு. கேலாங், ஜாலான் புசார், சைனாடவுன் போன்ற தாழ்வான பகுதிகளை அது காக்கிறது. கனமழையின்போது கடல்மட்டம் தாழ்ந்திருந்தால் அதன் 9 மதகுகளும் இறக்கப்பட்டு நீர் வெளியேறும். கடல் ஏறியிருந்தால் மதகுகளைத் திறக்க முடியாது. அப்போது 7 இராட்சத பம்புகள் நீரைக் கடலுக்குள் இறைக்கும். ஒவ்வொன்றும் வினாடிக்கு 40 கன மீட்டர். ஏழும் சேர்ந்தால், ஓர் ஒலிம்பிக் நீச்சல் குளம் சுமார் ஒன்பது வினாடியில் காலி! ஆக, உள்ளே நீர்மட்டம், வெளியே கடல்மட்டம், மேலே மழைமேகம் ஆகிய மூன்றையும் இரவு பகலாகக் கண்காணித்தால்தான் கேலாங்வாசிகள் நிம்மதியாகத் தூங்கலாம்.

அப்படியானால் கவலை தீர்ந்ததா? இல்லை, நேயர்களே. கடலே உயர்ந்துகொண்டிருக்கிறது. இந்த நூற்றாண்டின் முடிவில் நம்மைச் சுற்றியுள்ள கடல்மட்டம் 1.15 மீட்டர் வரை உயரலாம் என்று 2024இல் வெளியான தேசிய ஆய்வு கூறுகிறது. கடல் உயர உயர, மதகைத் திறக்கும் நேரம் குறையும். பம்புகளின் வேலை கூடும். 2020இல் பொதுப் பயனீட்டுக் கழகத்திடம் கடலோரப் பாதுகாப்புப் பொறுப்பும் ஒப்படைக்கப்பட்டது இதனால்தான்.

வெள்ளத்தைப் பார்த்த தலைமுறைக்குத் தண்ணீரின் மீது பயம் இருந்தது. பார்க்காத தலைமுறைக்கு அந்தப் பயம் எப்படி வரும்? இன்றிரவே உங்கள் வீட்டுப் பெரியவரிடம் கேளுங்கள், அன்று தண்ணீர் எதுவரை வந்தது என்று. அந்த அளவைப் பிள்ளைகளுக்கும் சொல்லி வையுங்கள்.