பரிணாமக் கோட்பாடும் பள்ளிக் கல்வியும்: தானா ராத்தா தோட்டத் தமிழ்ப்பள்ளிகளை முன்வைத்து ஒரு வரலாற்று நோக்கு

முன்னுரை

உயிர்கள் எவ்வாறு தோன்றின என்னும் வினாவிற்குப் பொதுப்பள்ளியில் எந்த விடையைக் கற்பிப்பது என்பது கடந்த நூறு ஆண்டுகளாகப் பல நாடுகளில் விவாதிக்கப்பட்டு வருகின்றது. அமெரிக்காவில் இவ்விவாதம் நீதிமன்றம் வரை சென்றது. இந்தியாவில் அது பாடநூல் திருத்தமாக வெளிப்பட்டது. மலேசியத் தமிழரிடையே அது வேறொரு வடிவம் கொண்டது. இங்குப் பரிணாமக் கோட்பாட்டை எவரும் பெரிதாக எதிர்க்கவில்லை. மாறாக, ‘இஃது எம் முன்னோர் என்றோ சொன்னது’ என்று தழுவிக்கொண்டனர். இத்தழுவல் எதிர்ப்பைவிட நன்மையானதா என்பதைப் பகாங் மாநிலத்துத் தானா ராத்தாவையும் அதனைச் சூழ்ந்த தேயிலைத் தோட்டங்களையும் முன்வைத்து இக்கட்டுரை ஆராய்கின்றது.

நீதிமன்றம் ஏறிய விவாதம்

1925-ஆம் ஆண்டு அமெரிக்காவின் டென்னசி மாநிலம், மனிதன் கீழ்நிலை விலங்குகளிலிருந்து தோன்றினான் என்று அரசுப் பள்ளிகளில் கற்பிப்பதைத் தடைசெய்தது. அவ்வாண்டு ஜூலையில் டேட்டன் என்னும் சிற்றூரில் ஜான் ஸ்கோப்ஸ் என்னும் ஆசிரியர் இச்சட்டத்தை மீறியதாக விசாரிக்கப்பட்டு, 100 டாலர் அபராதம் விதிக்கப்பெற்றார். 1927-இல் அத்தீர்ப்பு நடைமுறைப் பிழையொன்றின் காரணமாகத் தள்ளுபடியாயிற்று. சட்டமோ 1967 வரை நீடித்தது. 1968-இல் அமெரிக்க உச்ச நீதிமன்றம் இத்தகைய தடை அரசியலமைப்புக்கு முரணானது என்றது. 1987-இல், பரிணாமத்தைக் கற்பித்தால் படைப்புக் கொள்கையையும் உடன் கற்பிக்க வேண்டும் என்ற லூசியானா மாநிலச் சட்டமும் செல்லாதென அறிவிக்கப்பட்டது. 2005-இல் பென்சில்வேனியாவின் டோவர் வழக்கில், ‘அறிவார்ந்த வடிவமைப்பு’ என்னும் கருத்து அறிவியலன்று என நீதிபதி ஜான் ஜோன்ஸ் தீர்ப்பளித்தார். சமய நம்பிக்கையை அறிவியல் பாடமாக்கலாகாது என்பதே 1968 முதல் வந்த இத்தீர்ப்புகளின் சாரம்.

இந்தியாவில் 2023-இல் தேசியக் கல்வி ஆராய்ச்சி, பயிற்சிக் குழுவின் பத்தாம் வகுப்பு அறிவியல் நூலில் ‘மரபுவழியும் பரிணாமமும்’ என்றிருந்த இயல் ‘மரபுவழி’ எனச் சுருங்கியது. 1,800-க்கும் மேற்பட்ட அறிவியலாளரும் ஆசிரியரும் இதனைக் கண்டித்துக் கையொப்பமிட்டனர். பன்னிரண்டாம் வகுப்பு உயிரியலில் அப்பகுதி எஞ்சியிருப்பினும், பத்தாம் வகுப்புக்குப்பின் உயிரியல் பயிலாத பெரும்பான்மை மாணவர்க்கு அவ்வாயில் அடைபட்டது. தமிழ்நாட்டு அரசின் பத்தாம் வகுப்பு அறிவியல் நூலிலோ உயிரின் தோற்றமும் பரிணாமமும் தனி அலகாகவே இடம்பெற்றிருந்தன.

மலேசியச் சூழல்

பரிணாமக் கோட்பாட்டின் பிறப்பில் மலாய்த் தீவுக்கூட்டத்திற்குப் பங்குண்டு. டார்வினோடு இணைந்து எண்ணத்தக்க ஆல்பிரட் ரசல் வாலஸ் 1854-இல் சிங்கப்பூரில் வந்திறங்கி, மலாக்காவில் தங்கி, லேடாங் மலையேறினார். 1855-இல் சரவாக்கில் இருந்தபோதுதான், ஒவ்வோர் உயிரினமும் தன்னை ஒத்த முந்தைய இனத்தை அடுத்தே தோன்றுகின்றது என்னும் கட்டுரையை எழுதினார். 1858 ஜூலை 1-ஆம் நாள் இலண்டன் லின்னேயன் கழகத்தில் இருவர் கருத்தும் ஒருங்கே படிக்கப்பட்டன.

எனினும் மலேசியப் பள்ளிகளில் இக்கோட்பாடு அடக்கமான இடத்தையே பெற்றது. ஐந்தாம் படிவ உயிரியலில் மரபுவழியும் வேறுபாடும் உள்ளன. பரிணாமத்திற்கெனத் தனி இயல் இல்லை. ஆறாம் படிவத்தில்தான் தேர்வும் இனத்தோற்றமும் தலைப்பாகின்றன. 1970-இல் வகுக்கப்பட்ட ருக்குன் நெகாராவின் முதற்கோட்பாடே இறைவன்மீது நம்பிக்கை வைத்தல் என்பதாகும். 1988-இல் உருவான தேசியக் கல்வித் தத்துவமும் இறைநம்பிக்கையை அடித்தளமாகக் கொண்டது. அறிவியல் கலைத்திட்டத்தின் நற்பண்புகளுள் இறைவனுக்கு நன்றியுடைமையும் ஒன்றாக இடம்பெற்றது. இங்குத் தடைச்சட்டமும் இல்லை. டேட்டன் போன்ற வழக்கும் இல்லை.

தோட்டப் பள்ளியும் அறிவியல் மொழியும்

வில்லியம் கேமரன் இம்மலைப்பகுதியை அளந்தது 1885-இல், ஜே.ஏ. ரசல் போ தேயிலைத் தோட்டத்தைத் தொடங்கியது 1929-இல். அதற்கு முன்னரே 1923-ஆம் ஆண்டுத் தொழிலாளர் சட்டம், பள்ளி வயதுப் பிள்ளைகள் பத்துப்பேர் உள்ள தோட்டங்களில் பள்ளி அமைக்க வழிசெய்திருந்தது. அத்தகைய பள்ளிகளில் போருக்கு முன்னர்த் தமிழகத்திலிருந்து வந்த பாடநூல்களே பெரிதும் வழங்கின. எழுத்தும் எண்ணும் நீதிநூல்களுமே பாடம். அறிவியலுக்கு இடம் குறைவு. தோட்ட மக்களுக்குப் பகுத்தறிவுச் சிந்தனை பள்ளிக்கு வெளியே இருந்து வந்தது. 1929 இறுதியில் பெரியார் மேற்கொண்ட மலாயாப் பயணமும், 1935-இல் கோ. சாரங்கபாணி தொடங்கிய தமிழ் முரசும் இதில் குறிப்பிடத்தக்கவை.

விடுதலைக்குப்பின் தமிழ்ப்பள்ளிகள் பொதுக் கலைத்திட்டத்துள் வந்தன. அறிவியல் தமிழில் கற்பிக்கப்பட்டது. 2003-இல் அறிவியலும் கணிதமும் ஆங்கிலத்திற்கு மாற்றப்பட்டன. அம்மாற்றத்தைக் கைவிட 2009-இல் அரசு முடிவு செய்தது. ஆயினும் தமிழ்வழி அறிவியல் ஆறாம் ஆண்டோடு நிறைவடைகின்றது. தானா ராத்தாவின் தோட்டப் பிள்ளை இடைநிலைப்பள்ளியில் மலாயிலோ ஆங்கிலத்திலோ உயிரியல் பயில்கின்றான். பரிணாமத்தைச் சந்திக்கும் ஆறாம் படிவத்தை எட்டுவோர் அவருள் ஒரு பகுதியினரே. ஆகவே, உயிர்களின் வரிசை பற்றித் தமிழில் அவன் கேட்பது பெரும்பாலும் அறிவியல் ஆசிரியரிடமன்று. தமிழாசிரியரிடமும், கோயில் சமய வகுப்பிலுமே ஆகும்.

தொல்காப்பியமும் சிவபுராணமும்

இவ்விடத்தில்தான் சிக்கல் எழுகின்றது. தொல்காப்பிய மரபியல் ஓரறிவு முதல் ஆறறிவு ஈறாக உயிர்களை வகுக்கின்றது. மாணிக்கவாசகரின் சிவபுராணம் புல் முதல் தேவர் வரையிலான பிறவிகளை அடுக்குகின்றது. இவ்விரண்டையும் காட்டி, டார்வினுக்கு முன்பே தமிழர் பரிணாமத்தை அறிந்திருந்தனர் என மேடைகளிலும் வகுப்புகளிலும் கூறுதல் வழக்கமாயிற்று. இது தமிழர்க்கு மட்டுமே உரிய போக்கன்று. 1882-இல் வங்கத்துக் கேசவ சந்திர சென் திருமாலின் பத்து அவதாரங்களையும் பரிணாமப் படிகளாக விளக்கினார்.

நூல்களை நுணுகி நோக்கின் இவ்வொப்புமை நில்லாது. தொல்காப்பியர் செய்தது வகைப்பாடு. புலனறிவின் எண்ணிக்கையைக் கொண்டு, நண்டையும் தும்பியையும் ஒரே தொகுதியில் வைக்கின்றார். ஒன்றிலிருந்து மற்றொன்று தோன்றியதாக அவர் கூறவில்லை. சிவபுராணத்திலோ புழுவிற்குப் பின் மரமும், பறவைக்குப் பின் பாம்பும், மனிதர்க்கு முன் கல்லும், பின் பேயும் கணங்களும் வருகின்றன. அது ஓருயிர் பல உடல் எடுத்து இளைத்த வரலாறு. வீடுபேறு வேண்டும் விண்ணப்பம். பரிணாமமோ தனியுயிரின் பயணமன்று. தலைமுறைதோறும் ஓரினத்தொகுதியில் நிகழும் மாற்றம். அதற்குச் சென்றடையும் இலக்கும் இல்லை.

தவறான ஒப்புமையால் இரு நூல்களும் இழப்பெய்துகின்றன. அறிவியல் முந்தைய கருத்தைத் திருத்தும்போது, அதனோடு பிணைத்த இலக்கியமும் பொய்த்ததாகத் தோன்றும். உயிர்களைப் புலனறிவால் பகுத்தறிந்த ஆசிரியரின் நுண்மையும், பிறவிச் சோர்வை உரைத்த அடியாரின் உருக்கமும் மறைந்துவிடும்.

கலைச்சொல்லும் இதற்குத் துணைபோகின்றது. ‘பரிணாமம்’ சாங்கியத் தத்துவத்தில் பால் தயிராவது போன்ற திரிபைக் குறித்த சொல். அதனோடு ‘வளர்ச்சி’ சேரும்போது ஏற்றம் என்னும் பொருள் நுழைந்துவிடுகின்றது. ‘படிமலர்ச்சி’ என்பது ஏணியை நினைவூட்டுகின்றது. இலங்கைப் பாடநூல்களில் ‘கூர்ப்பு’ என்னும் சொல் வழங்கி வந்துள்ளது. எச்சொல்லை ஆண்டாலும், ஏணியன்று, கிளைவிட்ட மரமே அதற்கு உரிய உவமை என்பதை ஆசிரியர் விளக்குதல் வேண்டும்.

தேயிலை கற்பிக்கும் பாடம்

டார்வின் 1859-இல் வெளியிட்ட நூலை மனிதன் வளர்க்கும் செடிகளிலும் விலங்குகளிலும் காணும் வேறுபாட்டிலிருந்தே தொடங்கினார். தானா ராத்தா மாணவனுக்கு அச்சான்று வாயிலிலேயே உள்ளது. கவ்வாத்து செய்யாமல் விட்டால் தேயிலை மரமாக உயரும். அதனை இடுப்பளவில் நிறுத்துவது மனிதன் கை. ஆயின் இவ்வுயரக் குறைவு அடுத்த தலைமுறைக்குச் செல்லாது. அதன் விதை மீண்டும் மரமாகவே வளரும். விதையில் முளைத்த செடிகள் ஒன்றற்கொன்று வேறுபடும். அவற்றுள் சிறந்ததைத் தேர்ந்து வெட்டுத்துண்டால் பெருக்கின், எல்லாம் ஒன்றுபோல் இருக்கும். பெற்ற பண்புக்கும் மரபுப் பண்புக்கும் உள்ள வேற்றுமையையும், வேறுபாடும் தேர்வும் செயற்படும் முறையையும் கொழுந்து பறிப்போரின் பிள்ளைகளுக்கு இதனினும் எளிதாக விளக்க இயலாது.

முடிவுரை

அமெரிக்கத் தீர்ப்புகள் சமயத்தை இகழவில்லை. அதனை அறிவியல் வகுப்பிலிருந்து வேறுபடுத்தின. அவ்வேறுபடுத்தலே தமிழ் வகுப்பிற்கும் தேவையாகின்றது. ஆறறிவுப் பாகுபாட்டை இலக்கண மரபாகவும், சிவபுராணத்தைப் பத்தியிலக்கியமாகவும், பரிணாமத்தைச் சான்றுகளால் நிறுவப்பெற்ற அறிவியலாகவும் தனித்தனியே நிறுத்திக் கற்பித்தல் வேண்டும். பாடத்திட்டம் அமைதி காக்கும் இடத்தில் தமிழாசிரியரின் சொல்லே மாணவர்க்கு எஞ்சுகின்றது. ‘முன்னரே அறிந்தோம்’ என்னும் பெருமிதத்தோடு வகுப்பு முடிந்துவிடின், தோட்டத்துப் பிள்ளைக்கு மேற்கொண்டு வினவ ஒன்றும் இராது. எங்கே ஒத்துள்ளது, எங்கே வேறுபடுகின்றது என்று அவனையே ஒப்பிடச் செய்யும் வகுப்பே தமிழையும் அறிவியலையும் ஒருசேர வளர்க்கும்.