புள்ளிக் கோப்புகளும் பயனரின் உடைமையும்

மும்பையின் விக்ரோலியோடு பெயர் பிணைந்த கோத்ரெஜ் அண்டு பாய்ஸ் நிறுவனம், இந்தியாவின் முதல் தட்டச்சுப்பொறியை 1955இல் உருவாக்கியது. பின்னாளில் அதன் தமிழ்ப் பொறிகளும் அலுவலகங்களுக்கு வந்தன. அவற்றில் விசைகளின் அமைப்பு பொறியின் உலோகத்திலேயே நிலைபெற்றிருந்தது. தட்டச்சருக்கு உரியது விரல்களின் பழக்கம் மட்டுமே. அமைப்பு பொறிக்கே உரியது.

1969இல் பெல் ஆய்வுக்கூடத்தில் தோன்றிய யூனிக்ஸ் இந்த உறவை மாற்றியது. ஒரே கணினியைப் பலர் பகிர்ந்துகொண்டதால், ஒவ்வொரு பயனருக்கும் தனி அடைவு கிடைத்தது. கட்டளைவரி மென்பொருள்கள் அவரவர் விருப்ப அமைவுகளை அங்கேயே, புள்ளியில் தொடங்கும் பெயருள்ள கோப்புகளில் வைத்தன. அக்கோப்புகள் பட்டியலில் மறைந்திருப்பது திட்டமிட்ட ஏற்பாடன்று. நடப்பு அடைவையும் மேலடைவையும் குறிக்கும் புள்ளிகளை மறைக்க எழுதிய சுருக்கவழி, புள்ளியில் தொடங்கும் எல்லாப் பெயர்களையும் மறைத்துவிட்டது என்று பெல் ஆய்வுக்கூடத்தில் பணியாற்றிய ராப் பைக் 2012இல் விளக்கினார்.

தற்செயல் வழக்கமானது; வழக்கம் நெரிசலானது. 2003இல் வெளியான எக்ஸ்டிஜி அடைவு விதிமுறை, அமைவுகள், தரவுகள், தற்காலிகச் சேமிப்புகள் ஆகிய மூன்றையும் பிரித்தது. அமைவுகளுக்கு ‘.கான்ஃபிக்’ என்ற அடைவு ஒதுக்கப்பட்டது. எதைக் காப்பது, எதை அழிப்பது என்பதைப் பயனரே தீர்மானிக்க இப்பிரிவினை உதவுகிறது.

தமிழுக்கும் இதில் பங்குண்டு. லினக்ஸில் இயங்கும் எம்17என் நூலகத்தில் தட்டச்சுப்பொறி அமைப்பும், 1999இல் தமிழ்நாடு அரசு ஏற்ற தமிழ்99 அமைப்பும் வெறும் உரைக்கோப்புகளே. பயனர் அவற்றைத் திருத்தித் தம் அடைவில் வைத்துக்கொள்ளலாம். உலோகத்தில் உறைந்திருந்த அமைப்பு பயனரின் உடைமையாகிவிட்டது. ஆனால் அந்நூலகம் தேடுவது ‘.எம்17என்.டி’ என்ற தனி அடைவை. புதிய கணினிக்கு ‘.கான்ஃபிக்’ அடைவை மட்டும் கொண்டுசெல்பவர், தாம் திருத்திய தமிழ் விசைப்பலகையைப் பழைய கணினியிலேயே விட்டுவிடுவார்.

இடத்தைத் திடீரென மாற்றினால் பழைய பயனர்களின் அமைவுகள் செயலிழக்கும் என்னும் மறுப்பு நியாயமானதே. அதற்கும் வழியுண்டு. கிட் மென்பொருள் 2012 முதல் பழைய கோப்பையும் புதிய அடைவையும் சேர்த்தே படிக்கிறது. பிற மென்பொருள்களும் இம்முறையைப் பின்பற்றினால், பயனர் தம் அமைவுகளை ஒரே இடத்திலிருந்து முழுமையாக எடுத்துச் செல்ல இயலும்.