மாலை வரிசையும் பெயர்ப் பட்டியலும்: கூட்ட மேலாண்மைக் கல்விக்கு ஒரு பூந்தமல்லி வழக்கு

நிகழ்ச்சி மேலாண்மை படிக்கும் மாணவர் மேடை அமைப்பு, வரவுசெலவு, விளம்பரதாரர், விருந்தோம்பல் ஆகியவற்றைக் கற்கிறார். எல்லாம் வேண்டியவைதான். ஆனால் ஒரு கூட்டத்தில் யாரை யார் தடுக்கலாம் என்ற கேள்வியிலிருந்துதான் இத்துறை தொடங்க வேண்டும் என்பது என் வாதம்.

அதற்கான சான்று பூந்தமல்லியிலேயே இருக்கிறது. ராஜீவ் காந்தி கொலை வழக்கை விசாரித்த தடா சிறப்பு நீதிமன்றம் இங்கேதான் இயங்கியது. 1998 ஜனவரி 28 அன்று அது 26 பேருக்கும் மரண தண்டனை விதித்தது. மறு ஆண்டு உச்ச நீதிமன்றம் 19 பேரைக் கொலைக் குற்றச்சாட்டிலிருந்து விடுவித்தது. சட்ட மாணவர் இவ்வழக்கைச் சதிக்காகவும் சாட்சியத்துக்காகவும் படிப்பார். மேலாண்மை மாணவர் இதை ஒரு பொதுக்கூட்டம் எப்படி நடந்தது என்ற பதிவாகப் படிக்கலாம்.

1991 மே 21. விசாகப்பட்டினத்தில் விமானக் கோளாறால் தாமதமாகி, இரவில் மீனம்பாக்கத்தில் இறங்கிய ராஜீவ், பூந்தமல்லி வழியே ஸ்ரீபெரும்புதூர் போனார். அங்கே மாலை போடுவோருக்கென்று ஒரு பட்டியல் இருந்தது. உடலில் குண்டு கட்டி வந்த தணுவின் பெயர் அதில் இல்லை. கையில் சந்தன மாலையோடு, கவிதை வாசிக்க வந்த சிறுமியின் அருகே அவள் நின்றாள். அவளுடைய சதிக்குழுவைச் சேர்ந்த சிவராசன் குர்தாவும் குறிப்பேடுமாக நிருபரைப் போல வந்திருந்தான். அக்குழுவோடு வந்த புகைப்படக்காரர் ஹரிபாபு கையில் கேமரா. மாலை, குறிப்பேடு, கேமரா: நம் ஊர்க் கூட்டங்களில் இவற்றை வைத்திருப்பவரை யாரும் நிறுத்திக் கேட்பதில்லை. சுமார் 10.20 மணிக்குக் குண்டு வெடித்தது.

அதற்கு இரண்டு வாரம் முன்பு, மே 7 அன்று, சென்னை நந்தனத்தில் வி.பி. சிங் பேசிய கூட்டத்தில் இதே குழு ஒத்திகை பார்த்திருந்தது. தலைவரை எவ்வளவு நெருங்க முடியும், மாலையோடு போனால் தடுக்கிறார்களா என்று சோதித்தார்கள். சொல்லக் கசக்கிறது: நம் கூட்டங்களின் வழக்கத்தை ஏற்பாட்டாளர்களைவிடக் கொலையாளிகள் கவனமாகப் படித்திருந்தார்கள்.

இது பாதுகாப்புத் துறையின் விவகாரம், மேலாண்மைக்கு இதில் என்ன வேலை என்று கேட்கலாம். பாதுகாப்புக் குறைபாடுகளை ஆராய்ந்த நீதிபதி வர்மா ஆணையம், காவல்துறையை மட்டும் குறை சொல்லவில்லை. உள்ளூர்க் கட்சிக்காரர்கள் ஏற்பாடுகளைக் குலைத்ததையும் சுட்டியது. மாலை மரியாதை என்பது உள்ளூர் அரசியலில் ஒரு செலாவணி. தலைவருக்கு மாலை போட்ட படம் வட்டச் செயலாளர் வீட்டுச் சுவரில் ஆண்டுக்கணக்கில் தொங்கும். ஆகவே பட்டியல் கடைசி நிமிடம் வரை நீண்டுகொண்டே போகும். பட்டியலைப் போடுவது கட்சி, காப்பது காவல்துறை. திருத்தும் அதிகாரம் யாருக்கு என்று எழுதி வைப்பவர் ஒருவரும் இல்லை. இந்த இடைவெளி மேலாண்மைக்குரியது. சதிகாரர்கள் வேறொரு நாள், வேறொரு வழியில் முயன்றிருக்கலாம் என்பது உண்மை. அதனால் இந்த இடைவெளி இல்லை என்று ஆகிவிடாது.

தாமதத்தையும் இதே கண்ணோடு பார்க்க வேண்டும். 2025 செப்டம்பர் 27 அன்று கரூரில் ஓர் அரசியல் தலைவருக்காகப் பகல் முதல் காத்திருந்த கூட்டத்தில், இரவில் நெரிசல் ஏற்பட்டு 41 பேர் இறந்தனர். பொறுப்பு யாருடையது என்பதை விசாரணை சொல்லட்டும். சிறப்பு விருந்தினர் தாமதித்தால் எந்த மணிக்குக் கூட்டத்தை ரத்து செய்வது, அதை மைக்கில் யார் அறிவிப்பது என்ற இரண்டு வரிகளை எழுதாமல் ஒரு நிகழ்ச்சித் திட்டம் முடிந்ததாகாது.

எனவே மாணவருக்கு நான் தரும் பயிற்சி இதுதான்: பட்டியலை மூடும் நேரத்தைக் குறி, அதன்பின் ஒரு பெயரைச் சேர்க்க ஒரே ஒருவரின் கையெழுத்து போதும் என்று வை, தலைவரே சொன்னாலும் அந்த விதி தளராது என்பதற்கு அவரிடமே முன்கூட்டி ஒப்புதல் வாங்கு. கடைசியானதுதான் கடினம். ஸ்ரீபெரும்புதூரில் தணுவை விலக்கப் பார்த்தவர் ஒரு பெண் உதவி ஆய்வாளர். வருகிறவர்களை விடுங்கள் என்று அவரிடம் சொன்னவர், ராஜீவ்தான்.